அக்கா போக ஆசைப்பட்ட ஆற்றங்கரை ஊர்

எங்கள் அக்கா இல்லாமல் ஓராண்டு கழிந்துவிட்டது. அவர் வங்கியில் பெரிய வேலை பார்த்தவர் என்பது உறவினர்கள் எல்லாருக்கும் தெரியும். அது என்ன வேலை என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

லிட்டில் இந்தியாவில், லாரி ஓட்டுநரின் மூத்த மகளாகப் பிறந்தார் அக்கா. அப்பா திடீரென்று மறைந்தபோது அவர் படிப்பு முடிந்திருக்கவில்லை. வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, மாலை வகுப்புகளில் படித்து, வெளிநாட்டுத் திட்டங்களுக்குக் கடன் தரும் பிரிவுக்கு உயர்ந்தார்.

கம்போடியாவில் ஓர் ஆற்றங்கரை ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவர ஒரு தனியார் நிறுவனம் கடன் கேட்டது. ஏழைகள் கட்டணம் கட்ட மாட்டார்கள் என்று வங்கியில் தயங்கினார்கள். அக்கா நேரில் போனார். அந்த மக்கள் வண்டிக்காரரிடம் கலங்கல் தண்ணீரை அந்தக் கட்டணத்தைவிட அதிக விலைக்கு வாங்குவதைப் பார்த்துவிட்டு வந்து, கடனுக்காக வாதாடினார். ஊருக்குத் தண்ணீர் வந்தது.

பிறகு ஒரு வெள்ளத்தில் அங்கே பயிரெல்லாம் அழிந்தது. பலரால் கட்டணம் கட்ட முடியவில்லை. அவர்களுடைய இணைப்பைத் துண்டிக்கும்படி நிறுவனத்தை வங்கி நெருக்கியது. அந்த உத்தரவில் கையெழுத்திட அக்கா மறுத்துவிட்டார். அன்று புக்கிட் பாஞ்சாங்கில் அவர் வீட்டில் சாப்பிடும்போது என்னிடம் சொன்னார்:

“நான் தர்மம் கேக்கல தம்பி. அடுத்த அறுவடை வரைக்கும் டைம் குடுங்கன்னுதான் கேட்டேன். இப்ப லைனைக் கட் பண்ணிட்டா, அப்புறம் அந்த ஜனங்க பேங்க்கையும் நம்ப மாட்டாங்க, கம்பெனியையும் நம்ப மாட்டாங்க லா.”

கடைசியில் வங்கி நிறுவனத்தின் கடன் தவணையைத் தள்ளிவைத்தது; இணைப்புகள் தப்பின. அறுவடைக்குப் பின் பெரும்பாலோர் பாக்கியைக் கட்டினார்கள். ஆனால் அக்காவுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அதை அத்தான் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம்.

நோயில் விழுந்த பிறகு, அந்த ஊருக்கு இன்னொரு முறை போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மருத்துவர் சம்மதிக்கவில்லை. அத்தான் அங்கிருந்த பொறியாளரைக் கைப்பேசியில் அழைத்தார். திரையில் ஒரு பெண் தன் வீட்டுக் குழாயைத் திறந்து, குழந்தைக்கு முகம் கழுவிவிட்டார். அக்கா கண்ணெடுக்காமல் பார்த்தார்.

“அவங்க வீட்ல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரணும் போல இருக்கு” என்றார்.

அழைப்பு முடிந்த பிறகும் கைப்பேசியைத் திருப்பித் தரவில்லை.

இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், சோறாக்கிக் கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

தேக்கா சந்தைக் கூட்டத்தில் யாராவது “அக்கா” என்று கூப்பிட்டால், கடைக்காரப் பெண்ணைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தும், நான் திரும்பிப் பார்க்கிறேன்.