லகாட் குட்டைக்குப் போன குப்பிகள்

அந்தக் கண்ணாடிக் குப்பிகள் சுண்டுவிரல் உயரம்தான் இருக்கும். ரப்பர் மூடி, வெள்ளை ஒட்டுத்தாளில் எண் மட்டும். எண்பதுகளில், முனைவர் பட்டம் முடித்த கையோடு, ஈப்போவில் மீன் தீவனம் செய்யும் ஒரு கம்பெனியோடு சேர்ந்து என் பேராசிரியரின் கீழ் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துச் சின்னச் சங்கிலியாக்குவது என் வேலை, பெப்டைடு என்பார்கள். அதை ஊசியாகப் போட்டால், குட்டையில் அடைபட்டு முட்டையிட மறுக்கும் மீனும் முட்டையிடும். அக்காவின் வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுவதை விட்டுவிட்டு, ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டையொன்றை ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் குத்தகைக்கு எடுத்து, லம்பாம் என்ற கெண்டை வகை மீன் வளர்த்துக்கொண்டிருந்தார். "மனுசனுக்கு ஊசி போடத் தெரியாத டாக்டரு, மீனுக்குப் பிரசவம் பாக்க வந்துட்டாருலா" என்று கிண்டலடித்துக்கொண்டேதான் மச்சான் சோதனைக்குச் சம்மதித்தார்.

சோதனைக்குச் சேர்ந்த குட்டைகளில் பாதிக்கு மருந்து, மீதிக்கு வெறும் உப்புநீர். ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழியில்லை. எந்தக் குட்டைக்கு எது என்று பருவம் முடியும்வரை சொல்வதில்லை என்பது கம்பெனியோடு எங்கள் ஒப்பந்தம். குட்டைக்காரர்களைக் கூட்டி வைத்து இதையெல்லாம் விளக்கத்தான் செய்தோம். ஆனால் சொந்த மச்சினன் கையால் கொண்டுவந்தது வெறும் தண்ணீராகவா இருக்கும்? மச்சான் அந்தப் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சீட்டுக் குலுக்கியதில் அவர் குட்டைக்கு உப்புநீர்தான் விழுந்தது. நிரப்பியவன் நான்.

ஊசி போட்ட அன்று அக்கா பழைய தோட்டத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தாள். நாங்கள் பசியோடு நிற்போமே என்று, தலை முழுகுவதற்கு முன்னாலேயே கோப்பி எடுத்துக்கொண்டு கரைக்கு வந்துவிட்டாள். மறுநாள், எங்களோடு ஊசி போட்ட பக்கத்துச் சீனர் குட்டையில் முட்டையோ முட்டை. எங்கள் குட்டையில் ஒன்றுமில்லை. மச்சான் கத்தவில்லை. "தீட்டோட வந்து நின்னுட்டியே. இனிமே கரைப்பக்கம் வராத" என்றார். அக்காவும் சரியென்று தலையாட்டினாள். அவளுக்கே அதில் சந்தேகம் இல்லை என்பதுதான் என்னைக் கொன்றது.

அந்தப் பருவம் முழுக்க அவள் வேலிக்கு வெளியே நின்று கோப்பியை நீட்டினாள். வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தாள். ஞாயிறுதோறும் நான் அங்கேதான் சாப்பாடு. ஒருநாள் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, "உன் மருந்துக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்டா தம்பி" என்றாள். என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்! தீட்டெல்லாம் ஒன்றுமில்லையக்கா என்று முணுமுணுத்தேன். "பின்ன எதுனாலயாம்?" என்று திருப்பிக் கேட்டாள். அதற்கான பதில் உலகத்திலேயே என்னிடமும் என் பேராசிரியரிடமும்தான் இருந்தது. தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். நல்ல பசி வேறு. பாவி, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கினேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு ஆய்வு முறை சொல்லிக் கொடுத்துவிட்டேன். பருவம் முடியும்வரை சொல்லக்கூடாது என்ற அந்த விதி சரி என்றுதான் இன்றும் சொல்கிறேன்.

பருவம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை போய் உண்மையைச் சொன்னேன். "அப்ப தண்ணியாலா அது!" என்று மச்சான் தொடையில் தட்டிச் சிரித்தார். அடுத்த தடவை அசல் மருந்து தனக்குத்தான் முதலில் என்றார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "கேட்டியா, உன் மேல தப்பு இல்லையாம். நான்தான் தெரியாம சொல்லிட்டேன்" என்றார்.

அக்கா சோற்றுத் தட்டோடு வந்தாள். எப்போதும்போல என் முன்னால்தான் வைத்தாள்.

"அவரு தெரியாம சொன்னாரு. நீ தெரிஞ்சுகிட்டே சாப்பிட்டியேடா."