ரம்புத்தான் அடிக்கட்டை

பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு விறகு பிளந்து கொடுப்பதுதான் என் கணவருக்கு வேலை. ஒருநாள் அவர் காலில் கோடரி பட்டுவிட்டது. மறுநாள் காலையில் நானே கோடரியோடு போய் நின்றேன்.

கடைக்கார ராவுத்தர் தயங்கினார். "மத்தியானம் கல்யாணச் சோறு ஆக்கணும், தங்கச்சி. உன்னால முடியலேன்னா வேற ஆளத்தான் வைக்கணும்."

"முடியும், பாய்" என்றேன்.

சிறு கட்டைகள் பிளந்தன. ஆயர் ஈத்தாம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ரம்புத்தான் பழமரத்து அடிக்கட்டை மட்டும் அசையவில்லை. அதையும் பிளந்தால்தான் விறகு போதும். நடுவில் ஓங்கி அடித்த ஒவ்வொரு முறையும் கோடரி சிக்கிக்கொண்டது. உள்ளங்கை கொப்பளித்தது.

எதிர் நிழலில் ரிக்‌ஷாவை நிறுத்தியிருந்த சீனர் ஒருவர் கையை ஆட்டி ஏதோ கத்தினார். கேலி செய்கிறார் என்று நினைத்து வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. எழுந்து வந்து கட்டையின் விளிம்பைத் தொட்டுக் காட்டினார். "தெப்பி லா, தெப்பி!" என்றார். ஓரத்தில் அடி என்று மலாயில் சொல்லியிருக்கிறார்!

ஓரத்தில் அடித்தேன். ஒரு சிம்பு சடக்கென்று தெறித்து விழுந்தது. சுற்றிச் சுற்றி வந்து அடித்தேன். ஓரமெல்லாம் கழன்ற பிறகு நடுக்கட்டையும் இரண்டாகப் பிளந்தது. என்னை அறியாமல் கூவிவிட்டேன். அவரும் கைதட்டினார்.

"அடுப்பப் பத்தவைங்கடா!" என்று உள்ளே குரல் கொடுத்த ராவுத்தர் என் பக்கம் திரும்பினார். "நாளைக்கும் நீயே வந்துரு, தங்கச்சி."

அந்தச் சீனருக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு எனக்கு மலாய் வராது. இப்போதெல்லாம் யாராவது தூரத்திலிருந்து கையை ஆட்டினால், என்ன சொல்கிறார் என்று முதலில் காதுகொடுத்துக் கேட்கிறேன்.