எவரிஸ்தோ போட்ட ஒரே ஓட்டு

மெக்சிகோவில் எங்கள் சகாதேகாஸ் பக்கத்தில் வாக்காளர் அட்டை இல்லாதவன் ஆளே இல்லை. பேங்கில் கணக்குத் திறக்க அதைத்தான் கேட்பான். செல்போன் வாங்க, பார்சல் எடுக்க, மாடு விற்க, எல்லாவற்றுக்கும் அதுதான். ஓட்டுப் போடுகிறானோ இல்லையோ, அட்டை சட்டைப்பையில் இருக்க வேண்டும். எவரிஸ்தோ அந்த நினைப்போடு வளர்ந்தவர். நானும்தான். இதை விளங்கிக்கொள்ளாமல் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம்.

அமெரிக்காவில், நெப்ராஸ்காவில் கார்வின் என்கிற இந்த ஊருக்கு அவரும் நானும் ஒரே குளிர்காலத்தில் வந்தோம். இறைச்சி ஆலையில் தோல் உரிக்கிற பக்கம் வேலை. அதற்கு முன்னாலேயே, திருட்டுத்தனமாக வந்தவர்களுக்கு அரசாங்கம் ஒருதரம் மன்னிப்புக் கொடுத்ததே, அப்போது அவருக்கு கிரீன் கார்டு கிடைத்துவிட்டது. பிறகு பெண்டாட்டி தெல்ஃபினாவையும் முறைப்படி வரவழைத்துக்கொண்டார். மாட்டின் உடம்பில் எத்தனை பாகம் உண்டோ அத்தனைக்கும் இங்கிலீஷ் தெரியும் அவருக்கு. அதைத் தாண்டி ஒரு வார்த்தை தெரியாது. பனிக்காலத்தில் யார் வீட்டு ஹீட்டர் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். திட்டிக்கொண்டே வந்து திட்டிக்கொண்டே சரிசெய்துவிட்டுப் போவார்.

அவர்களுக்கு ஒரே பெண், மரிசெலா. கார்வினிலேயே பிறந்தவள். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தகப்பனாக நின்றவன் நான். அன்றிலிருந்து அவர் எனக்குக் கொம்பாத்ரே, நான் அவருக்குக் கொம்பாத்ரே, தெல்ஃபினா எனக்குக் கொமாத்ரே. எங்களில் அது ரத்த உறவுக்கு மேலே. எவ்வளவு நெருக்கமானாலும் 'நீங்க' என்றுதான் பேசுவோம்.

மரிசெலாவுக்குப் பதினேழு வயது நடக்கும்போது, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பர்கர் கடையில் சாயங்கால வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த லெவல் கிராசிங்கில் கேட் கிடையாது, விளக்கு கிடையாது. ஒரு பலகை மட்டும் நிற்கும். அன்றைக்கு மூடுபனி. தானிய ரயில் வந்தது. அதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை.

அதற்குப் பிறகு எவரிஸ்தோ குடித்தார். குடித்துவிட்டு வண்டி ஓட்டி போலீசிடம் மாட்டினார். லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். அடுத்த வருடம் குடியை விட்டுவிட்டு லைசென்ஸ் திரும்ப வாங்கப் போனார். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் தன் கிரீன் கார்டையே நீட்டினார். அவள் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் அரைகுறை ஸ்பானிஷில் ஒன்று கேட்டாள்: ஓட்டர் லிஸ்டில் பேரைச் சேர்க்கவா?

"கார்டு வருமா?" என்று கேட்டிருக்கிறார் இவர்.

"வீட்டுக்கே வரும்."

"அப்ப சேருங்க."

திரையில் அவள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்கு மேலே 'நான் இந்த நாட்டுக் குடிமகன்' என்று இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது. மாட்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அவருக்கு எப்படித் தெரியும்? கார்டு வந்ததும் எனக்குக் காட்டினார். "இத்தனை வருஷம் கழிச்சு இந்த நாட்டுலயும் நம்மள ஆளா மதிச்சிட்டான், கொம்பாத்ரே."

அந்த வருடத் தேர்தலில் ஊர்க்காரர்களிடம் ஒரு கேள்வி வைத்தார்கள். கிராசிங்குகளுக்கு கேட் போடக் கொஞ்சம் வரி கூட்டலாமா, கூடாதா? எவரிஸ்தோ சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய் 'கூட்டலாம்' என்று போட்டார். வேறு எதற்கும் போடவில்லை. கவர்னர், ஷெரீப் எல்லாருடைய கட்டத்தையும் வெறுமையாக விட்டுவிட்டு வந்தார். மயிரிழையில் ஜெயித்தது. கேட் வந்தது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் யாரும் சாகவில்லை.

ஐம்பத்தைந்து வயது தாண்டி, நெடுநாள் கிரீன் கார்டும் வைத்திருந்தால் குடியுரிமைப் பரீட்சையை ஸ்பானிஷிலேயே எழுதலாம். அதற்காகவே காத்திருந்து மனுப் போட்டார். வருமான வரி எழுதிக் கொடுக்கிற அம்மாள்தான் பூர்த்தி செய்தாள். ஓட்டுப் போட்டதுண்டா என்ற இடத்தில் இவரைக் கேட்காமலே 'இல்லை' என்று போட்டுவிட்டாள். ஒமாஹாவில் நேர்காணல். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வண்டியில் உட்கார்ந்து காத்திருந்தேன். வெளியே வந்தவரின் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன ஆச்சு? கோட்டை விட்டீங்களா?"

"பரீட்சை பாஸ்."

"அப்புறம் ஏன் பேயறஞ்ச மாதிரி வர்றீங்க?"

"ஓட்டுப் போட்டிருக்கீங்களான்னு கேட்டாங்க. இதுவும் ஒரு கேள்வியான்னு நெனச்சேன். போடாம என்ன, நான் என்ன ஊர்சுத்தியான்னேன். அந்தம்மா பேனாவைக் கீழ வச்சிட்டாங்க. மறுபடி கேட்டாங்க. சரியா யோசிச்சுச் சொல்லுங்க, மறந்திருப்பீங்கன்னாங்க. எனக்குக் கோவம் வந்திடுச்சு. பர்ஸ்லேருந்து ஓட்டர் கார்டை எடுத்து மேசையில வச்சேன்."

நான் வண்டியைக் கிளப்பினேன். எனக்கும் அப்போது ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் இவர் 'இல்லை' என்று சொல்லிவிடமாட்டாரா என்று அந்த ஆபீசர் அம்மாள் காத்திருந்தாள் என்பது மட்டும் புரிந்தது.

மனுவைத் தள்ளினார்கள். சில மாதம் கழித்து கோர்ட்டுக்கு வரச்சொல்லித் தாக்கீது வந்தது. குடிமகன் என்று பொய் சொன்னது ஒன்று, குடிமக்களுக்கு மட்டும் உள்ள ஓட்டை உரிமை இல்லாமல் போட்டது இன்னொன்று. இரண்டில் எதுவானாலும் கிரீன் கார்டு போய்விடும், நாட்டை விட்டு வெளியேற்றலாம். தெரியாமல் செய்தேன் என்பது தப்பிக்க வழியில்லையாம். நெடுநாள் இருந்தவர் என்பதால் நீதிபதி மனது வைத்தால் மன்னிக்கலாம், அது ஒன்றுதான் வழி என்றாள் அவர் பிடித்த வக்கீலம்மா.

ஆலையில் இந்தச் செய்தி பரவியபோது முதலில் சிரித்தார்கள்.

"செனட்டர் வர்றாரு, வழி விடுங்கடா!" என்றான் எங்களோடு வேலை செய்கிற நிக்கனோர்.

"சிரி சிரி. போன வருஷம் லைசென்ஸ் எடுக்கப் போனியே, உன்கிட்ட அந்தப் பொண்ணு என்ன கேட்டா?" என்றேன்.

கத்தி தீட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை நிக்கனோர் தன் ஓட்டர் கார்டைக் கறி சுடுகிற அடுப்பில் போட்டு எரித்தான். எரித்துவிட்டால் போய்விடுமா? பேர் அங்கே பட்டியலில் இருக்கிறதே. அதன்பிறகு அவன் சிரித்து நான் பார்க்கவில்லை.

விசாரணைக்கு நாள் கிடைக்க வருடங்கள் ஆயின. அந்த வருடங்கள்தான் எவரிஸ்தோவைத் தின்றன. எந்நேரம் பிடிக்க வருவார்களோ என்று பூட்ஸோடு தூங்கினார். தெருவில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் கரண்டி பாதி வழியில் நின்றுவிடும். மாதாகோவிலுக்குப் போவதை நிறுத்தினார். வேலை முடிந்ததும் கிராசிங்குக்குப் போய், கேட்டுக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் பின்னாலேயே போய் நின்றேன். பக்கத்து இருக்கைக் கண்ணாடியை இறக்கி விட்டிருந்தார். பனி உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

"கண்ணாடியை ஏத்துங்க, செத்துப்போவீங்க."

"அவளுக்குப் புழுக்கமா இருக்காம்."

நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. ஆனால் அந்த இருக்கையில் நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசிவிட்டு வந்தேன்.

விசாரணை அன்று வக்கீலம்மா வராந்தாவில் வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். "தப்புன்னு சொல்லுங்க. வருத்தப்படறேன்னு சொல்லுங்க. வேற எதுவும் பேசாதீங்க, ஐயா. கெஞ்சிக் கேக்கறேன்."

நானும் சாட்சி சொன்னேன். ஊரில் பாதி ஹீட்டர் இவர் கையால் ஓடுகிறது என்றேன். நீதிபதி எழுதிக்கொண்டார். குடித்துவிட்டு ஓட்டிய பழைய கேஸை அரசாங்க வக்கீல் எடுத்து வைத்தார். அதையும் எழுதிக்கொண்டார். பிறகு இவரைப் பார்த்து மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார்:

"அந்த நாளுக்குத் திரும்பிப் போனால் என்ன செய்வீர்கள்?"

வக்கீலம்மா இவர் முகத்தையே பார்த்தாள். நான் உள்ளுக்குள் கத்தினேன்: சொல்லித் தொலையுங்களேன்.

"எனக்கு உரிமை இல்லேன்னு தெரியாதுங்க ஐயா. அதுக்கு வருத்தப்படறேன்," என்றார் எவரிஸ்தோ. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "ஆனா கேட் வந்ததுக்கு வருத்தப்படச் சொன்னா, அது என்னால ஆகாதுங்க. என் ஓட்டு இல்லாமலே கேட் வரும்னு நீங்க சொல்லுங்க, நான் போடல."

நீதிபதி கொடூரமானவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருந்தாலும், செய்த தவறை இவர் முழுதாக உணரவில்லை, பழைய கேஸும் இருக்கிறது, மன்னிப்பு இல்லை என்றார்.

அப்பீல் போடலாம், அது முடியும்வரை யாரும் தொடமாட்டார்கள் என்றாள் வக்கீலம்மா. எவ்வளவு நாள் என்றார் இவர். இரண்டு மூன்று வருடம் ஆகலாம் என்றாள். வேண்டாம் என்றுவிட்டார். அன்று அவர்கள் வீட்டுச் சமையலறையில் நடந்த சண்டைக்கு நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

"இன்னும் மூணு வருஷம் கார் சத்தத்துக்குக் காது வச்சுக்கிட்டு என்னால படுக்க முடியாது, தெல்ஃபினா. கிளம்பு. ரெண்டு பேரும் ஊருக்கே போயிடலாம்."

"நான் வரல."

"ஏன்?"

"பிள்ளையை யாரு பாத்துக்குவா?"

"அவ செத்துப்போயி எத்தனை வருஷம் ஆச்சு!"

"அதனாலதான் சொல்றேன். உயிரோட இருந்தா அவளே பாத்துக்குவா."

எவரிஸ்தோ என்னைப் பார்த்தார். நான் காப்பிக் கோப்பையைப் பார்த்தேன். மரிசெலா இருக்கிற கார்வின் கல்லறையில் காற்று கடுமையாக வீசும், வைத்த பூ ஒருநாள் தங்காது. தெல்ஃபினா வாரத்துக்கு இரண்டு தரம் போய்ச் சரிசெய்துவிட்டு வருவாள். அதை விட்டுவிட்டு வா என்று நானும் சொல்லமாட்டேன்.

வசந்தத்தில் அவரை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். இனி அவர் இந்தப் பக்கம் வர முடியாது. சும்மா பார்த்துவிட்டுப் போகக்கூட விசா கொடுக்கமாட்டார்கள். ஓட்டுப் போட்டவருக்கு அந்தத் தடை ஆயுசுக்கும் உண்டாம். தெல்ஃபினா போகலாம், வரலாம். ஒருதரம் போனாள். ஒரு வாரத்தில் திரும்பிவிட்டாள். "அங்க தூக்கம் வரல, கொம்பாத்ரே. இவ தனியா இருக்காளேன்னு," என்றாள். சகாதேகாஸில் எவரிஸ்தோ தம்பி வீட்டில் ஒரு அறையில் இருக்கிறார். தினமும் சாயங்காலம் போன் செய்வார்.

இந்த நவம்பரில், இறந்தவர்கள் வீடு தேடி வருவார்கள் என்று படையல் வைக்கிற நாளில், பொழுது சாயும்போது நான் ரொட்டி வாங்கிக்கொண்டு தெல்ஃபினா வீட்டுக்குப் போனேன். செண்டுமல்லி, மெழுகுவர்த்தி, ஒரு தம்ளர் தண்ணீர், மரிசெலாவின் பள்ளிக்கூடப் படம். அதன் பக்கத்தில் எவரிஸ்தோவின் படம். அவர் சலவைச் சட்டை போட்டு நிற்கிற படம்.

ரொட்டியை அப்படியே கீழே வைத்தேன். "கொமாத்ரே, என்ன காரியம் பண்ணியிருக்கீங்க? மனுஷன் உயிரோட இருக்காரு!"

"தெரியும். நேத்துகூடப் பேசினேன்."

"அப்ப எடுங்க அதை. அவருக்கே ஆகாது."

"வேற எப்படி வருவாரு, சொல்லுங்க? ஒரு ஆபீசரும் நிறுத்திக் கேள்வி கேக்காத நாளு வருஷத்துல இது ஒண்ணுதான்."

படத்தை எடுக்கக் கையை நீட்டினேன். அப்போது போன் அடித்தது. தெல்ஃபினா ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன சமைச்ச?" என்றார் எவரிஸ்தோ.

"மோளேக் குழம்பு. கோழி போட்டு."

"அவளுக்குப் பிடிக்கும்."

"ரெண்டு பேருக்கும்தான் வச்சிருக்கேன்."

கோபப்படுவார், கத்துவார், நான் சொன்னதைத்தான் அவரும் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"என்னை எந்தப் பக்கம் வச்சிருக்க?" என்று கேட்டார்.

"அவளுக்கு வலது பக்கம்."

"சரி. வாசக் கதவைச் சாத்திடாத."

நான் கையை இழுத்துக்கொண்டேன். போகும்போது கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனேன். குளிர் உள்ளே போய்க்கொண்டிருந்தது.