அம்மா ஏறினால் வரும் சத்தம்

மகனின் பழைய பைக்கில் பின்னால் ஏறியதும் கறகறவென்று ஒரு சத்தம். "நீ ஏறுனாதாம்மா வருது. ஆட்டோல வாயேன்" என்றான்.

எழுபதுகளில் புதுவாயல் கூட்டுரோட்டில் கேட்ட அதே சத்தம். அப்பாவின் மோட்டார் சைக்கிளில், வெயிலில் சுடும் பெட்ரோல் டேங்கின் மேல் சிறுமியாக நான். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து அம்மா. கூட்டுரோட்டு மெக்கானிக் எங்களை இறக்கிவிட்டு, வண்டியை ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைச் சுற்றினார். சத்தமே இல்லை.

"வண்டில இன்னா சார் கீது? அம்மா வெயிட்டு, அவ்ளோதான்."

பக்கத்து டீக்கடையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். "நீ பஸ்ல வந்துடு."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி அப்பாவை உட்காரச் சொல்லி, தானும் ஏறிக்கொண்டாள். "ரெண்டு பேருக்குத்தான சீட்டு வெச்சிகிறான்? நான் எறங்க மாட்டேன். நான் ஒக்காந்துகினு இருக்க சொல்லவே குனிஞ்சி பாருய்யா."

மெக்கானிக் குனிந்தார். ஸ்டாண்டில் சரியாக இருந்த செயின், பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்ததும் கம்பிபோல் விறைத்து நின்றது. போன வாரம் அதை ஸ்டாண்டில் போட்டு இறுக்கியவர் அவரேதான். ஸ்பானரை எடுத்துச் செயினைத் தளர்த்தினார்.

மகன் நான் இறங்குவதற்காகக் காத்திருந்தான். நான் இறங்கவில்லை.

"வண்டிய ஸ்டாண்டுல போட்டு செயினை டைட் வெச்சது எவன்டா?" என்றேன்.