சூடேறாத எஞ்சின்

டெல்லி கோட்லா முபாரக்பூரில் தேவநேசனின் பட்டறையைத் தேடி வருகிறவர்கள் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. திட்டுச் சத்தம் வரும் பக்கம் நடந்தால் போதும். மனுஷனுக்கு வாய் அப்படி. கை மட்டும் தங்கம். நாசரேத்துக்காரர். ராணுவத்தில் இருபத்து நான்கு வருஷம் லாரி மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்றபின் ஊருக்குத் திரும்பாமல், மனைவி இன்பராணிக்கு நர்ஸ் வேலையில் கிடைத்த லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸிலேயே தங்கிவிட்டார். அறுபத்திரண்டு வயதிலும் எஞ்சினுக்கு அடியில் படுத்து எழுவார்.

அந்த ஜனவரியில் அவருக்கே தண்ணி காட்டியது ஐயப்பனின் சின்ன லாரி. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மளிகையும் காய்கறியும் விற்கும் ஐயப்பன், விடியற்காலையில் தானே ஓட்டிக்கொண்டு ஆசாத்பூர் மண்டிக்குப் போய்வருவான். பழைய எஞ்சின் மண்டையைப் போட்டதும், மாயாபுரியில் உடைத்துப் போட்ட ஒரு வண்டியிலிருந்து வேறு எஞ்சின் வாங்கி வந்தான். தேவநேசன் இரண்டே நாளில் மாட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து வண்டி கறுப்பாகப் புகை கக்கியது. பெட்ரோலை அள்ளி அள்ளிக் குடித்தது. குடித்ததில் பாதி எரியாமல் கரியாக வெளியே வந்தது. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் நான்கும் அடுப்புக்கரி. பொல்யூஷன் பரிசோதனையில் பெயில் என்று எழுதித் துரத்திவிட்டார்கள்.

புகையைக் கூடத் தேவநேசன் பொறுத்துக்கொண்டார். அந்த வாடையைத்தான் பொறுக்க முடியவில்லை. பாதி எரிந்த எதுவும், குளிரில், மூடிய கேபினில் நாறினால், அவருக்குச் செத்துப்போன சிநேகிதன் பெரியண்ணன் வந்துவிடுவான்.

பேய் என்று சொன்னால் தேவநேசனே சிரிப்பார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் முதல் வரிசையில் உட்காருகிற ஆள். ஆனாலும் பனிக்காலத்தில் லாரியில் ஏறினால் பக்கத்து சீட்டில் ஒரு ஸ்பானரைக்கூட வைக்க மாட்டார். அது பெரியண்ணனின் இடம். அவன் ஒன்றும் பேச மாட்டான். கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பான்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன் லடாக்கில் இருவரும் ஒரே முகாமில் இருந்தார்கள். நாமக்கல் பக்கத்து டிரைவர் அவன். அந்த முகாமில் தமிழ் பேச ஆளென்று இருந்தது இவர்கள் இருவர்தான். ஒரு நாள் பனி விழுந்து பாதை அடைத்துக்கொள்ள, பெரியண்ணன் லாரியிலேயே படுத்தான். விடிந்து போய்ப் பார்த்தால் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது, காலடியில் தகரச் சட்டியில் அணைந்த கரி, அவன் உடம்பு விறைத்திருந்தது. கரியின் விஷவாயு மூச்சை அடைத்தது, மூடிய கேபினுக்குள் கரி மூட்டியது டிரைவரின் கவனக்குறைவு என்று விசாரணையில் முடித்தார்கள். தமிழ் தெரிந்தவன் என்பதால் சவப்பெட்டியோடு தேவநேசனை ஊருக்கு அனுப்பினார்கள்.

இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த பெரியண்ணனின் மனைவி பாப்பம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வண்டியில ஹீட்டர் இருக்குது, வீட்ட விடக் கதகதப்பா இருக்குதுன்னு எழுதியிருந்தாருங்கண்ணா. அப்பறம் எதுக்குங்கண்ணா கரி?"

 தேவநேசன் விடை சொல்லாமல் விட்ட இடத்தை ஊர் நிரப்பிக்கொண்டது. குடித்துவிட்டுப் புத்தி தடுமாறிப் படுத்தான் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அன்றிலிருந்து வருஷத்துக்கு நாலு தடவையாவது அவளுக்குப் போன் செய்து நல்லது கெட்டது கேட்பார். அந்தப் பிள்ளை கதிரவனுக்கு இந்தத் தையில் கல்யாணம். பத்திரிகையில் மாமன்மார் வரிசையில் தேவநேசன் பெயரையும் அச்சடித்து அனுப்பியிருந்தாள். பிள்ளை இல்லாத வீட்டில் அதை இன்பராணி பத்துப் பேரிடமாவது காட்டியிருப்பாள்.

ஐயப்பனின் லாரியோடு தேவநேசன் மூன்று நாள் மல்லுக்கட்டினார். காற்று வடிகட்டியை மாற்றினார். புகைக்குழாயில் இருக்கும் சென்ஸாரை மாற்றினார். பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழுவினார். எஞ்சின் விற்றவனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். ஒயரைக் கடித்த எலியையும் விடவில்லை, எலி கடித்த ஒயர் ஒன்றுகூட அதில் இல்லாவிட்டாலும்.

நான்காம் நாள் காலை, பக்கத்துப் பட்டறையிலிருந்து வண்டியின் மூளையைப் படிக்கும் ஸ்கேனரை இரவல் வாங்கிச் செருகினார். ஐயப்பன் அப்போதுதான் மண்டிக்குப் போய் ஒரு மணி நேரம் ஓட்டிவந்து நிறுத்தியிருந்தான். எஞ்சின் தண்ணீரின் சூடு நாற்பத்தெட்டு டிகிரி என்று காட்டியது. தொண்ணூறுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. கருவி பொய் சொல்கிறது என்று குழாயைக் கையால் பிடித்துப் பார்த்தார். பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டும் வெந்நீர் அளவுக்குத்தான் இருந்தது. கருவி சொன்னது உண்மை. எஞ்சின் சூடே ஆகவில்லை. ஆகாத எஞ்சின், குளிர்கிறது குளிர்கிறது என்று இன்னும் இன்னும் பெட்ரோல் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறது.

"ஜல்தி பாருங்கண்ணே, கடையைத் திறக்கணும்" என்ற ஐயப்பன், கைகளைத் தேய்த்துக்கொண்டே சொன்னான். "இன்னொண்ணும் சொல்ல மறந்துட்டேன். காலையில குளிருதேன்னு ஹீட்டரைப் போட்டா ஐஸ் காத்துல்ல வருது. நாளைக்கு ஒரு கரிச்சட்டியை உள்ள வச்சுக்கலாம்னு பாக்குறேன்."

தேவநேசன் கையிலிருந்த ஸ்கேனரைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்ன? இன்னொருக்கச் சொல்லு."

ஐயப்பன் மறுபடி சொன்னான். தேவநேசன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எலுமிச்சம்பழம் அளவு ஒரு வால்வு. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் மறித்து வைப்பது அதன் வேலை. வெயில் ஊர் மெக்கானிக்குகளுக்கு அதைக் கண்டாலே ஆகாது. சிக்கிக்கொண்டால் எஞ்சின் கொதித்துவிடும். நமக்கெதற்கு வால்வு என்று எடுத்து எறிந்துவிடுவார்கள். தேவநேசனும் பழகிய நாளிலிருந்து அப்படித்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போகிறவனுக்குக் கழற்றியது நினைவிருக்குமா? ஐயப்பனின் எஞ்சினிலிருந்தும் கழற்றித் தகர டப்பாவில் போட்டிருந்தார். மூன்று நாளாக எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவர் தன் கையை மட்டும் சந்தேகப்படவில்லை.

பெரியண்ணன் கடைசியாகப் போன பயணத்துக்கு முந்தின நாள் அவன் லாரி மேட்டில் கொதித்தது. வால்வு சிக்கியிருந்தது. மாற்று வால்வு ஸ்டோரில் இல்லை. விடிந்தால் வண்டி வரிசை கிளம்பியாக வேண்டும். தேவநேசன் வால்வை எடுத்துவிட்டு மூடியை முடுக்கினார். "போ வே, இனி கொதிக்காது" என்று முதுகில் தட்டினார். கொதிக்கவில்லைதான். சூடும் ஆகவில்லை. சூடில்லாத தண்ணீரிலிருந்து ஹீட்டருக்கு எங்கே வெப்பம் வரும்? அந்தப் பனியில் ஹீட்டர் ஐஸ் காற்றை ஊதியிருக்கும். விடியும்வரை உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் அவன் கரி மூட்டியிருக்கிறான்.

அதுவரை வேலை பார்த்த ஊர்களில் லாரிக்கு ஹீட்டரே கிடையாது, அதனால் அன்று தோன்றவில்லை என்று தேவநேசன் வாதாடலாம். நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் அதற்குப் பிறகு வந்த இருபத்தாறு வருஷம்? ஒரு நாள்கூட அந்தப் பக்கம் யோசிக்காமல் இருக்க மனசுக்கு என்ன சாமர்த்தியம்.

டப்பாவைக் கவிழ்த்து வால்வைத் தேடி எடுத்து, தன் கையாலேயே பொருத்தினார். கால் மணி நேரத்தில் சூடு காட்டும் முள் ஏறியது, புகை நின்றது. ஹீட்டரில் கையை நீட்டிய ஐயப்பன், "உங்க கை கைதாண்ணே" என்றான். தேவநேசன் அன்று அவனைத் திட்டவில்லை. "கரிச்சட்டிய மட்டும் எந்தக் காலத்துலயும் உள்ள வச்சிராத" என்று சொல்லி அனுப்பிவிட்டுப் பட்டறையைப் பூட்டினார்.

இன்பராணி டியூட்டி முடிந்து சாயங்காலம் வந்தபோது, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டும் அவருக்கு நடுக்கம் நிற்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார்.

"இப்பச் சொல்லாண்டாம்" என்றாள் அவள். "கல்யாண வீடு. ஒங்க பேரையும் போட்டு அடிச்சிருக்காவ. முடியட்டும்."

"அந்தப் பிள்ளைக்காவச் சொல்லுதியா, எனக்காவச் சொல்லுதியா?"

"ஒங்களுக்காவத்தான்" என்று அவள் மறைக்காமல் சொன்னாள். "நமக்குன்னு வேற யாரு இருக்கா?"

அது உண்மை. அதனால்தான் அவருக்கு அவ்வளவு பயமாக இருந்தது. பேசாமல் போய்க் கல்யாணத்தில் மாமனாக உட்கார்ந்துவிட்டு வரலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படி உட்கார்ந்தால் அந்த மணவறைக்குப் பக்கத்திலும் அவன் கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நிற்பான் என்று அவருக்குத் தெரிந்தது. போனை எடுத்தார்.

"பாப்பம்மா, தேவநேசன் பேசுதேன்."

"சொல்லுங்கண்ணா. டிக்கெட் போட்டுட்டீங்களா?"

"எதுக்குக் கரின்னு கேட்டியே, இன்னைக்குத் தெரிஞ்சிட்டு" என்று ஆரம்பித்து, வால்விலிருந்து முதுகில் தட்டியதுவரை ஒன்றும் விடாமல் சொன்னார். மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தார். வாய் வரவில்லை.

 அவள் பேசியபோது 'அண்ணா' இல்லை.

"குடிச்சுட்டுப் படுத்தாருன்னு ஊரு சொன்னப்ப நான் ஒருத்தருகிட்டயும் சண்டைக்குப் போவுல. எனக்கும் அப்பிடித்தான் பட்டுது. ஹீட்டர் இருக்கறப்ப புத்தியுள்ள மனுசன் கரியப் பத்தவெப்பாரா? பையன் கிட்டயும் அதையே சொல்லித்தான் வளத்துனேன். உங்கப்பனாட்டம் ஆயிராதடான்னு. இத்தன வருசமா அவரு போட்டோவுக்கு ஒரு பூ வெக்கல."

தேவநேசன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"போன வெச்சிராதீங்க" என்றாள். "அவன் இங்கதான் இருக்கறான். எங்கிட்டச் சொன்னாப்பலயே அவன்கிட்டயும் சொல்லுங்க."

வைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இன்பராணி அவர் தோளில் கை வைத்தாள். மறுமுனையில், பெரியண்ணனின் குரலேபோல ஒரு குரல், "மாமா, கதிரவன் பேசறேன்" என்றது.

"தம்பி, ஒங்க அப்பா குடிக்கல" என்றார் தேவநேசன். "அவனுக்குக் குளுந்துருக்கு. குளுர வச்சவன் நான்."