மடுவத்தில் கூடிய பெற்றோர் கூட்டம்

கோபம் வந்தால் சிரிக்கிற ரகம் பூரணி டீச்சர். இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு அதிபர். அன்று மண்டபத்தில் நின்று சிரித்துக்கொண்டே இருந்தார். பதினோராம் வகுப்புக்கு மேலே உயர்தர விஞ்ஞான வகுப்பை அங்கே தொடங்கலாமா என்று பார்க்க, வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து சுதாகரன் சேர் வந்திருந்தார். பெற்றோரைச் சந்தித்த பிறகுதான் முடிவாம். வந்திருந்தது நாற்காலிகள் மட்டும்தான்.

"பெற்றோருக்கு அக்கறை இல்லைபோல, டீச்சர். வகுப்பை டவுன் ஸ்கூலுக்கே குடுத்துறலாம்" என்றார் சேர்.

கொழுந்து நன்றாக வரும் காலத்தில், வேலைநாளில், பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்? மலையை விட்டு இறங்கினால் அரைநாள் சம்பளம் போச்சு. நாளைக் குறித்த மகானே சேர்தான். அதைச் சொல்ல டீச்சரின் நாக்கு துறுதுறுத்தது. ஆனால் வகுப்பு டவுனுக்குப் போய்விட்டால், பஸ்ஸுக்கு வழியில்லாத பெண்பிள்ளைகள் பத்தாம் பதினோராம் வகுப்போடு கொழும்புக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். இன்னும் கொஞ்சம் அகலமாகச் சிரித்தார்.

டீச்சர் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். அவர் முதலாம் வகுப்பில் சேர்ந்தபோது பள்ளிக்கூடம் தோட்டத்துத் துரையின் சொத்து. ஒரே கூடம், ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி. துரைக்கு அவசரமென்றால் அந்த வாத்தியாரையும் கணக்கெழுதக் கூப்பிட்டுவிடுவார், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து முப்பது வருஷம் போன பிறகுதான் அது இந்த மேட்டுக்கு வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்தது. இலவசப் புத்தகம் வந்தது, சீருடைத் துணி வந்தது, தோட்டத்துப் பிள்ளைகளுக்கே ஆசிரியர் நியமனமும் வந்தது. அப்படி நியமனம் வாங்கியவர்தான் பூரணி. புது மேசை கதிரை வந்திறங்கிய அன்று பிள்ளைகள் உட்காராமல் தடவித் தடவிப் பார்த்தார்கள். டீச்சரும்தான்.

"பெத்தவங்க வரலைன்னா என்னங்க சேர், நாம போவோம். கிட்டத்தான்" என்றார் டீச்சர்.

கிட்டத்தான் என்பது சுத்தப் பொய். சேரின் பளபளப்பான சப்பாத்து சேற்றில் புதைந்தது. இரண்டு அட்டைகள் அவர் காலில் விருந்து சாப்பிட்டன. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். டீச்சரின் பெற்றோர் கூட்டமெல்லாம் பல வருஷமாக இங்கேதான். வரிசை நகர நகர ஒவ்வொரு பிள்ளையின் பரீட்சைப் புள்ளியும் வெளியே வரும், ஏச்சும் விழும். கங்காணி செல்லசாமி முணுமுணுப்பார். ஆனாலும் டீச்சர் பேசி முடிக்கும்வரை நிறுவையை அவசரப்படுத்தமாட்டார்.

சேர் மூச்சு வாங்கியபடி கேட்டார்: "விஞ்ஞான வகுப்புத் தொடங்கினா உங்க பிள்ளைங்க ஒழுங்கா வருவாங்களா?"

வரிசையின் முன்னால் நின்ற சண்முகவடிவு கூடையை இறக்கி வைத்தாள். அவள் மகள் தனுஜாவுக்குக் கணக்கென்றால் உயிர்.

"எங்க பிள்ளைங்க மழையில நனைஞ்சுகிட்டும் வருவாங்க. வாத்தியாரு வருவாங்களா? அதச் சொல்லுங்க சேர்."

சேர் கால் அட்டையைப் பிடுங்குவதுபோலக் குனிந்துகொண்டார். டீச்சருக்கு உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம்.

நிமிர்ந்த சேர் உண்மையைச் சொன்னார். "பௌதிகவியலுக்கு ஒரு டீச்சர் இருக்காங்க, கந்தப்பளையில. தினமும் வந்து போக ஏலாது, தங்க இடமில்லைன்னு தயங்குறாங்க."

"இம்புட்டுத்தானா? புதுசாக் கட்டுன எங்க வீட்டுல ஒரு ரூம் சும்மாதானே கெடக்கு!" என்றாள் சண்முகவடிவு.

"ஏன், எங்க வீட்டுல இல்லையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வரப்போகிற டீச்சர் யார் வீட்டில் தங்குவது என்று பெரிய வழக்கே நடந்தது. செல்லசாமி கத்தித்தான் அடக்கினார். சேர் சிரித்துவிட்டார்.

"வகுப்பு இங்கதான்" என்றார்.

புது வகுப்புத் தொடங்கிய அன்று காலை, பூரணி டீச்சர் வாசலில் நின்றார். பாதையில் ஒரு ஊர்வலமே வந்தது. நடுவில் கூச்சத்தோடு பௌதிகவியல் டீச்சர் ஜீவராணி. அவருடைய பையைச் சுமந்துகொண்டு சண்முகவடிவு. சுற்றிலும் கொழுந்துக்காரப் பெண்கள்.

"என்ன, இன்னைக்கு மலைக்குப் போகலையா?" என்றார் பூரணி டீச்சர் பதறிப்போய்.

"டீச்சரை உங்க கையில ஒப்படைச்சுட்டுப் போறோம்" என்றாள் சண்முகவடிவு. "அரைநாள் போனாப் போகுது."