தக்கைச் சட்டையும் வேப்பிலைத் தீர்த்தமும்

வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் சந்நிதியில் விளக்கேற்ற வரும் தாய்மார்களே, ஐயாமார்களே, என் பெயர் அஞ்சலை. பினாங்குத் துறைமுகத்தில் படகு வலிக்கிற மாணிக்கத்தின் மனைவி. அம்மன் எங்கள் குடும்பத்துக்குச் செய்ததை என் வீட்டுக்காரர் வாயால் நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதில் பாதிதான் உண்மை. மீதியைச் சொல்லத்தான் இன்று நான் வந்திருக்கிறேன்.

ஐரோப்பாவில் பெரிய சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறி, கோழி, ரொட்டி எல்லாம் படகில் கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனியில் என் வீட்டுக்காரருக்கு வேலை. அவருக்கு ஜோடியாகத் துடுப்பு வலித்தவர் பக்கத்து வீட்டுக் கோவிந்தன் அண்ணன். இரண்டு பேருக்கும் சம்சுச் சாராயம் இல்லாமல் கை ஓடாது. கடல் குளிருக்கு மருந்து என்பார்கள். உச்சி வெயிலிலும் அந்த மருந்துதான்.

அந்த வருஷம் அதே கம்பெனியின் இன்னொரு படகில் ஒருவர் குடித்துவிட்டுக் கப்பலின் கயிற்றேணியில் ஏறும்போது விழுந்து செத்துப் போனார். பிறகுதான் துரை ஆளுக்கொரு தக்கைச் சட்டை கொடுத்தார். கித்தான் துணியில் பைகள் தைத்து, ஒவ்வொரு பைக்குள்ளும் தக்கைக் கட்டை வைத்தது. போட்டிருந்தால் ஆள் மிதப்பான். ஆனால் யார் போட்டார்கள்? புழுங்குகிறது என்று தலைக்கு வைத்துப் படுத்தார்கள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. செத்தவருடைய மனைவியை நான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். என் வீட்டுக்காரரைக் கோயிலுக்கு இழுத்து வந்து கற்பூரத்தின்மேல் சத்தியம் வாங்கினேன். இனிமேல் குடிப்பதில்லை, சட்டை போடாமல் படகில் ஏறுவதில்லை என்று இரண்டு சத்தியம்.

அன்றிலிருந்து மனிதர் அடியோடு மாறிவிட்டார். காலையில் வீட்டிலேயே தக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். சாயங்காலம் அதைப் போட்டபடியே வருவார். படகுகளுக்குத் தலைவரான தண்டல் மற்றவர்களிடம், "மாணிக்கத்தைப் பாத்துக் கத்துக்குங்கடா" என்று சொன்னாராம். தெருவே என்னைப் பாக்கியசாலி என்றது.

எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. நான் சந்தேகப் பிராணி என்பது ஊருக்கே தெரியும். மீன்காரன் சிரித்தால் மீனை மோந்து பார்க்கிறவள் நான். குடை பிடிக்கவே கூச்சப்படும் ஆள், வெயிலில் கித்தான் சட்டை போட்டுக்கொண்டு ஏன் இளிக்கிறார்? வாயில் எந்நேரமும் கிராம்பு எதற்கு? சாயங்காலம் வீடு வந்ததும், "மாரியம்மான்னு சொல்லுங்க" என்று வாயருகே மூக்கை வைப்பேன். கிராம்பு வாசம்தான் வரும். சட்டையைத் துவைத்துத் தருகிறேன் என்றால், "தண்ணி பட்டா தக்கை கெட்டுடும்" என்பார். கடலில் மிதக்கச் செய்த சட்டை தண்ணீர் பட்டால் கெடுமா? அதை எனக்கு எட்டாத உயரத்தில் ஆணியடித்து மாட்டினார்.

கேட்டால் சண்டை. "சத்தியம் பண்ணிக் குடுத்தேன்ல? இன்னும் என்னடி ஒனக்கு?" என்பார். அழுகைதான் வந்தது. நல்லவரைத்தான் நான் வாட்டி எடுக்கிறேனோ என்றும் தோன்றும்.

ஒரு வெள்ளிக்கிழமை இதே சந்நிதியில் விழுந்து கேட்டேன். "தாயே, என் தாலியைக் காப்பாத்து. அவர் குடிக்கிறார்னா நிறுத்து. குடிக்கலைன்னா என் மனசுல இருக்கிற இந்தச் சந்தேகத்தை நிறுத்து. ரெண்டுல ஒன்னு செய்யி." மனம் லேசாகும் என்று காத்திருந்தேன். ஆகவில்லை. கோயில் வாசலைத் தாண்டும்போது சந்தேகம் முன்னைவிட அதிகமாகத்தான் இருந்தது. அம்மன்மேல் எனக்குக் கோபமே வந்தது. தீர்த்தத்தை மட்டும் செம்பில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்லம்மா அக்கா வீட்டுக்கு உப்பு வாங்கப் போனேன். கோவிந்தன் அண்ணனின் மனைவி அவர். அடுப்படியில் பானைகளுக்கு அடியில் பிரிமணைக்குப் பதிலாகச் சதுரம் சதுரமாக ஏதோ கட்டைகள் இருந்தன.

"என்னக்கா இது?"

"தக்கை. ஒங்க அண்ணன் படகுலேர்ந்து கொண்டாந்தாரு. பானை வழுக்காம நிக்குது பாரு."

உப்பை மறந்து வீட்டுக்கு ஓடினேன். என் வீட்டுக்காரர் ஆட்டுக்கறிச் சோறு தின்றுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பெட்டிமேல் ஏறிச் சட்டையை இறக்கினேன். மற்ற பைகள் மிஷின் தையல். நெஞ்சுப் பக்கத்துப் பைகள் மட்டும் இழுத்தால் பிரிகிற கைத்தையல், கப்பல் பாய் தைக்கிற நூலில். பிரித்தேன். உள்ளே தக்கை இல்லை. கந்தல் துணி சுற்றிய தட்டைப் புட்டிகள். சம்சு.

தாய்மார்களே, மிதக்க வைக்கும் தக்கையை எடுத்து எறிந்துவிட்டு, அந்த இடத்தில் அமிழ்த்தும் புட்டியை வைத்து, அதை நெஞ்சில் கட்டிக்கொண்டு கடலுக்குப் போயிருக்கிறார் என் புருஷன். அதற்கு ஊர் மெச்சல் வேறு.

எழுப்பிச் சண்டை போட்டிருப்பேன். போட்டால் என்ன நடக்கும்? மறுபடி ஒரு கற்பூரம், மறுபடி ஒரு சத்தியம், புட்டிக்கு வேறு ஒரு இடம். வாயை மூடிக்கொண்டு செல்லம்மா அக்காவிடம் போனேன்.

"அக்கா, அந்தத் தக்கையைக் குடுங்க. ரெண்டு பேரும் சட்டைக்குள்ள சாராயம் வச்சிருக்காங்க. அண்ணன் சட்டையையும் பிரிச்சுப் பாருங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. "ஒன் ஆள் குடிச்சா என் ஆளும் குடிக்கணுமா? என் புருஷனை நான் நம்புறேன். ஒன்ன மாதிரி மோந்து பாக்கிற பழக்கம் எனக்கில்ல. தக்கைதானே, எடுத்துக்கிட்டுப் போ."

எடுத்து வந்தேன். சம்சுவைச் சாக்கடையில் கொட்டிவிட்டுத் தக்கைகளைப் பைகளில் திணித்துத் தைத்தேன். ஒரு பையில் மட்டும் பழையபடி ஒரு புட்டி. அவர் கிளம்பும்முன் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பார் என்று என் புத்தி சொன்னது. அந்தப் புட்டியில் செம்பிலிருந்த அம்மன் தீர்த்தத்தை ஊற்றினேன். மஞ்சளும் வேப்பிலையும் ஊறி, நன்றாகக் கசக்கும் தீர்த்தம். அது போதாது என்று இன்னும் ஒரு பிடி வேப்பிலையை அரைத்துச் சேர்த்தேன்.

திங்கட்கிழமை காலை அவர் சட்டையை மாட்டி நெஞ்சைத் தட்டினார். டொக் என்றது. சிரித்துக்கொண்டே போனார். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மத்தியானம் சுமத்திரா பக்கத்திலிருந்து வானம் கருத்துக் காற்று கிளம்பியது. படகுகள் கட்டும் ஜெட்டிக்கு ஓடினேன். தண்டல் என்னைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொண்டார். "ஒன்னுமில்லம்மா, வீட்டுக்குப் போ" என்றார். ஒன்றுமில்லை என்றால் ஏன் திரும்ப வேண்டும்? நான் நகரவில்லை. படகு கவிழ்ந்துவிட்டது என்று கூட்டத்தில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. செல்லம்மா அக்காவும் வந்து சேர்ந்தார். மழையில் நின்றோம்.

கடைசியில் மலாய் மீனவர்களின் சாம்பான் படகு ஒன்று வந்தது. அதில் இரண்டு பேரும் கிடந்தார்கள். உயிரோடு. நான் தண்ணீரில் இறங்கி என் வீட்டுக்காரரைப் பிடித்தேன். முதலில் வாயைத்தான் மோந்து பார்த்தேன். வேப்பிலை வாசம். அப்புறம்தான் எனக்கு அழுகையே வந்தது.

நடந்ததை அவரே சொன்னார். கப்பலிலிருந்து திரும்பும்போது இருவரும் புட்டியை எடுத்திருக்கிறார்கள். இவர் வாய் நிறைய ஊற்றிக்கொண்டதும் கசப்பு மண்டைக்கு ஏறியிருக்கிறது. மஞ்சள் வாசம் வேறு. அம்மனே படகில் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று நடுங்கிப் போய்த் துடுப்பைக் கெட்டியாகப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். கோவிந்தன் அண்ணன் சிரித்தாராம். தன் புட்டியைக் காலி செய்துவிட்டு, ஒன்றுக்குப் போகப் படகின் ஓரத்தில் எழுந்து நின்றாராம். "நிக்காதடா" என்று இவர் கத்தும்போதே காற்று அடித்தது. படகு குப்புறக் கவிழ்ந்தது.

இவரைச் சட்டை மேலே தூக்கியது. அண்ணனை அவர் சட்டை கீழே இழுத்தது. அதில் தக்கையைவிடப் புட்டிதான் அதிகம். இவர் அண்ணனின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, பல்லால் நாடாவைக் கடித்து அவிழ்த்து, சட்டையைக் கழற்றி விட்டிருக்கிறார். அது கல் மாதிரி நேரே கீழே போயிற்றாம். ஒரு தக்கைச் சட்டையில் இரண்டு உயிர் தொங்கியது, சாம்பான் வரும்வரை.

அவர் அதற்குப் பிறகு சம்சுவைத் தொடவில்லை. அம்மன் சாராயத்தைத் தீர்த்தமாக்கினாள் என்று கோயில் கோயிலாகச் சொன்னார். நீங்கள் கேட்ட கதை அதுதான். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், "அந்தத் தீர்த்தத்தை ஊத்துனது நான்" என்றேன்.

அவர் அசரவில்லை. "அன்னிக்கே தெரியும். ஒன் தையல் எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் அம்மன் பண்ணான்னு சொல்றீங்க?"

"அம்மனுக்குப் பயந்து விட்டேன்னா கோயில்ல மாலை போடுவாங்க. பொண்டாட்டிக்குப் பயந்து விட்டேன்னா ஜெட்டியில சிரிப்பாங்க."

சிரித்துவிட்டு விளக்கின் முன் உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. தைத்தது என் கை. ஊற்றியது என் கை. ஆனால் சந்தேகத்தை எடுத்துவிடு என்று நான் கெஞ்சியபோது எடுக்காமல் வைத்திருந்தவள் அவள். எடுத்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உப்பை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வந்திருப்பேன். திங்கட்கிழமை விதவை ஆகியிருப்பேன். தாயே, நான் கேட்டதைக் கொடுக்காததற்கு உனக்குக் கோடி நமஸ்காரம்.

கடலுக்கு ஆளை அனுப்புகிற தாய்மார்களே, அம்மனை முழுசாக நம்புங்கள். அவள் கைவிட மாட்டாள். நான் இன்றும் காலையில் சட்டையைப் பை பையாகத் தட்டிப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். அவரும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார். பக்கத்து வீட்டு வாசலில் செல்லம்மா அக்காவும் அண்ணனின் புதுச் சட்டையைத் தட்டுகிற சத்தம் கேட்கிறது.